குண்டு போடாமல் ஒரு புறா வேட்டை

இசக்கிப்பாண்டி முப்பத்தோரு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். அப்பேர்ப்பட்டவரைத் தம்பானூரில் பொன்முடி பஸ்ஸில் ஏற்றி உட்கார வைப்பதற்குள் மகள் அஜிதாவுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டாண்டுக்கு வெளியே அவருடைய கூட்டாளிகள் வரிசையாக வண்டி போட்டு நின்றார்கள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அப்படிப் போட்டதால்தான் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொந்தமா வண்டி வச்சிருக்கவன் பஸ்ஸுல போறதா? எவனாவது கண்டா ஒரு மாசத்துக்குக் களியாக்கிச் சிரிப்பான் மக்கா."

"இருபத்திரெண்டு வளைவுப்பா. நம்ம வண்டி இழுக்காது."

"என்னை என்ன வேணா சொல்லு. வண்டியச் சொல்லாத."

வண்டி இழுக்கும். அது அஜிதாவுக்கும் தெரியும். அப்பா ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து மலையேற அவளுக்குப் பயம். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. பாவம், எஞ்சின்மேல் பழியைப் போட்டுவிட்டாள்.

அவருக்குக் கண் தெரிகிறதா, தெரியவில்லையா? மூன்று மாதமாக அந்த வீட்டில் இந்த ஒரு கேள்விதான் உலாத்திக்கொண்டிருந்தது. டம்ளர் ஓரிடத்தில் இருக்க, அவர் டீயை வேறிடத்தில் ஊற்றினார். கேட்டால் டம்ளர் நகர்ந்துவிட்டது என்றார். வாசலில் வந்து நின்ற சொந்தத் தங்கையை "ஆரு, என்ன வேணும்?" என்று விசாரித்தார். அவள் மெலிந்துபோனதுதான் காரணமாம். அவள் மெலியவே இல்லை, முன்னைக்கு இப்போது இரண்டு சுற்று பெருத்துத்தான் இருந்தாள். வண்டியின் இடது பக்கம் பூரா கீறல். அதற்கு ஊரில் பைக் ஓட்டும் பிள்ளைகள் எல்லாம் பொறுப்பு. எதற்கும் அவரிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அஜிதாவுக்குக் கண் பார்ப்பதே தொழில். கிழக்கேகோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நாளைக்கு முப்பது நாற்பது பேரின் கண்ணைச் சோதித்து எழுதிக் கொடுக்கிறாள். ஆறு வருஷ அனுபவம். ஊரார் கண்ணையெல்லாம் அளந்து சொல்கிறவளுக்குச் சொந்த அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று தெரியாது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

சோதிக்காமலும் இல்லை. ஆவணி மாதம் ஒரு மத்தியானம், கெஞ்சிக் கூத்தாடி நாற்காலியில் உட்கார வைத்தாள். மேல் எழுத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். அஜிதாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அது இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தால், எழுத்துப் பெட்டியின் விளக்கையே அவள் இன்னும் போட்டிருக்கவில்லை.

"இருட்டிலயே தெரிஞ்சுது மக்கா," என்றார் இசக்கிப்பாண்டி, கண் சிமிட்டாமல்.

மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தினமும் அந்தக் கடைக்குத்தான் வருவார். திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து சாப்பிடுவார். உள்ளே ஆட்கள் சத்தமாக எழுத்து வாசிப்பார்கள். இ, எஃப் பி, டி ஓ இசட். ஆறு வருஷம் காதில் விழுந்தால் பெஞ்சுக்கே பாடமாகிவிடும். ஆனால் அதை நிரூபிக்கவும் முடியவில்லை. நிஜமாகவே அரை வெளிச்சத்தில் தெரிந்திருந்தாலும் தெரிந்திருக்கலாம். மறுபடி உட்காரச் சொன்னால், "ஜெயிச்சவனுக்கு எதுக்குப் பின்னையும் பரீட்சை?" என்று கேட்டார். கண்ணில் மருந்து விட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், கூப்பிடுகிற அன்றைக்கெல்லாம் அவருக்கு நெடுமங்காட்டுக்குச் சவாரி இருந்தது.

நாளை திங்கட்கிழமை. லைசென்ஸ் புதுப்பிக்கும் தாளோடு அவர் கடைக்கு வரவேண்டும். திங்கள் சாயங்காலம் கடைக்கு வரும் டாக்டர் அஜிதா எழுதி வைக்கும் எண்ணைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். ஆறு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட அவர் திருத்தியதில்லை. அந்தக் கையெழுத்து விழுந்தால் அப்பா இன்னும் சில வருஷம் வண்டி ஓட்டலாம். வண்டியில் காலையும் மாலையும் ஆறு பள்ளிப் பிள்ளைகள். அவர் கண்ணில் கோளாறு இருந்து, இவள் நல்ல கண் என்று எழுதிவிட்டால், பிறகு ஆயுசுக்கும் தூங்க முடியாது. கண் நன்றாக இருந்து, இவள் சந்தேகத்தில் கண் தெரியவில்லை என்று எழுதிவிட்டால், மனிதர் வீட்டு மூலையில் உட்கார்ந்து ஒரு வருஷத்தில் தேய்ந்துபோவார். இரண்டில் எது நிஜம் என்று நாளைக்குள் தெரிந்தாக வேண்டும்.

அப்போதுதான் புறா ஞாபகம் வந்தது. இசக்கிப்பாண்டி பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தேயிலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பம். பதினாறு வயதில் மேனேஜரின் ஏர்கன்னைத் தூக்கிக்கொண்டு காட்டு விளிம்புக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குப் புறா அடித்துக் கொடுப்பது அவர் வேலை. "வலது கண்ணா, இடது கண்ணான்னு கேட்டுட்டுத்தான் அடிப்பேன்" என்று கல்யாண வீடு, சாவு வீடு எங்கே உட்கார்ந்தாலும் அளப்பார். சரி, அதையே வைத்துப் பார்ப்போம் என்று அஜிதா முடிவு செய்தாள். கடைச் சுவரில் எழுத்துகள் வருஷக்கணக்காக ஒரே வரிசையில் தொங்கும். புறாக்கள் அப்படி வரிசை பார்த்து உட்காராது.

எஸ்டேட் லயத்தில் இப்போதும் இருக்கிற ஒரே சொந்தம் ராஜமணி, அப்பாவுக்குச் சித்தப்பா மகன். குரங்கு விரட்ட ஒரு ஏர்கன் வைத்திருந்தார். விஷயத்தை அஜிதா அவரிடம் போனிலேயே சொல்லியிருந்தாள். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"குண்டு கிடையாது அண்ணாச்சி. இப்ப காட்டுப் பறவை ஒண்ணைத் தொட்டா ஃபாரஸ்ட்காரன் கொண்டு போயிருவான். கேஸாயிரும். நீங்க சும்மா குறி மட்டும் பாருங்க. எனக்கு யூனியன் மீட்டிங் இருக்கு, நாலரை பஸ்ஸுக்கு முன்னால சாதனத்தை வீட்டுல வச்சிருங்க."

"குண்டில்லாம என்னலே வேட்டை? மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் கணக்கா," என்றார் இசக்கிப்பாண்டி. ஆனால் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு அத்திமரம். நல்ல காய்ப்பு. அதற்குப் போகிற பாதை ஈரம். இசக்கிப்பாண்டி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "வழுக்கும். ஒனக்குப் பழக்கமில்லை, அதான் பிடிச்சிருக்கேன்" என்றார். யார் யாரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் என்பதை அஜிதா கேட்கவில்லை. அந்தக் கை கனமாக இருந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அப்பா இவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டு நடந்ததே இல்லை என்று நினைத்தபோது, இன்றைக்கு வந்த காரியமே அவளுக்குக் கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது. அப்பாவை வேவு பார்க்கிற பிள்ளை!

மரத்துக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். அவர் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தார், மூடினார், தோளில் வைத்தார். விசையை மட்டும் தொடவில்லை.

"அமுக்குங்கப்பா. டப்புன்னு சத்தம் வருமில்ல?"

"குண்டு போடாம அமுக்கினா உள்ள ஸ்பிரிங் போயிரும் மக்கா. அடுத்தவன் சாதனம். நான் வாயாலயே சொல்லுதேன். நீ பின்னால நின்னு குழல் வழியாப் பாரு. பட்டுதா படலையான்னு நீதான் சொல்லணும். கள்ளம் சொல்லப்பிடாது."

"நான் எதுக்குக் கள்ளம் சொல்லணும்?"

"சும்மா சொன்னேன்."

இரண்டு மணிக்குமேல் புறாக்கள் வர ஆரம்பித்தன. பெரிய காட்டுப் புறாக்கள். தொண்டைக்குள்ளிருந்து ஆழமாக 'ஊம், ஊம்' என்று அவை கூப்பிட்டால் அடிவயிற்றில் கேட்கும். இலை அடர்த்தி. அஜிதாவுக்கே முதலில் ஒன்றும் தெரியவில்லை. இசக்கிப்பாண்டி தலையைக் கொஞ்சம் சாய்த்தார், குழல் மெதுவாக மேலே போனது, நின்றது.

"டப்!" என்றார்.

அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து குழல் போன வழியே பார்த்தாள். அங்கே, இரண்டு கிளை பிரிகிற கவட்டில், சாம்பல் நெஞ்சோடு ஒரு புறா. குழல் அதன் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"பட்டுட்டுப்பா!"

"பின்னே?" என்றார் அவர், இதிலென்ன அதிசயம் என்கிற மாதிரி.

அடுத்தது மரத்தின் உச்சியில். டப். பட்டது. மூன்றாவது வலது பக்கம், இலைக்குள் முக்கால்வாசி மறைந்து இருந்தது. அதை அவள் கண்டுபிடிக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் குழலோ முன்னமே அங்கே போய்க் காத்துக்கொண்டிருந்தது. நான்கு. ஐந்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. அஞ்சாவதுக்கு அவர் "இடது கண்ணு" என்று வேறு சொன்னார். அஜிதா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்த சத்தத்தில் இரண்டு புறா பறந்தே போய்விட்டன.

அவளுக்கு அழுகைகூட வந்தது. மூன்று மாதமாக இந்த மனிதரை எப்படியெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறாள்! டம்ளர் நகர்ந்திருக்கும், ஏன் நகரக்கூடாது? கீறல் போட்டது பைக் ஓட்டும் பிள்ளைகள்தான். அத்தை மெலிந்துதான் போயிருந்தாள். நாளைக்குக் கடைக்குப் போன உடனே அந்தத் தாளில் நல்ல எண்ணாக எழுதி, டாக்டர் கையெழுத்து வாங்கி, அப்பா கையில் கொடுத்து, காலைத் தொட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். இப்போதே அம்மாவுக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தாள். இரண்டு பேரும் ஒரே இலையிலிருந்து சாப்பிட்டார்கள். இசக்கிப்பாண்டி சாவதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே மேனேஜர் வீட்டுச் சமையல்காரனைத் திட்டினார். இவர் அடித்த புறாவில் எல்லாம் அவன் மிளகை அள்ளிப் போட்டுக் கெடுத்துவிடுவானாம். மூணரை மணிக்குப் பனி இறங்கிவர, கூப்பிடும் சத்தம் ஒவ்வொன்றாக நின்று, காடு அமைதியாயிற்று.

அப்போது ஒரு புறா தனியாக வந்தது. மற்றவை மாதிரி உச்சிக்குப் போகாமல், சறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வந்து, எதிரே வெட்டிப் போட்டிருந்த ஒரு மொட்டைக் கட்டையின்மேல் இறங்கியது. மரப்புறா. முதுகு செம்பு நிறம், கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டம். நடுவில் இலையும் இல்லை, கொப்பும் இல்லை. கடையில் நாற்காலிக்கும் எழுத்துப் பெட்டிக்கும் இருக்கிற தூரத்தில் பாதிகூட இருக்காது. அது கழுத்தைத் திருப்பி இரண்டு பேரையும் பார்த்தது.

அஜிதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இப்போது துப்பாக்கியைத் தொடுவார், 'ரெண்டு கண்ணு' என்று சொல்வார் என்று காத்திருந்தாள். இசக்கிப்பாண்டி கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டு, நேராக அந்தக் கட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் போயிட்டு போல இருக்கே மக்கா. ஒண்ணையும் காணலியே," என்றார்.

அஜிதா அப்பாவையும் புறாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த ஐந்து புறாவும் கூப்பிட்ட புறாக்கள். அவர் தலையைச் சாய்த்ததும், குழல் மெதுவாகத் தேடிப் போய் நின்றதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஐந்தையும் அவர் காதால்தான் அடித்திருக்கிறார். நிமிஷம் போய்க்கொண்டிருந்தது. புறா அங்கேயே இருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அது இல்லை.

அவர் முகத்தைத் திருப்பினார். "இருக்கா? ஒனக்கு வல்லதும், ஒண்ணாவது தெரியுதா?"

இதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாள். ஆனால் ஐந்து புறா அடித்த சந்தோஷம் அந்த முகத்திலிருந்து இன்னும் போகவில்லை. வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை வேறு. அஜிதாவால் முடியவில்லை.

"இல்லப்பா. எல்லாம் போயிட்டு. நாமளும் எறங்குவோம்," என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, அது எழும்பியது. மரப்புறா எழும்பும்போது கை தட்டுகிற மாதிரி இறக்கை இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அவ்வளவு பக்கத்திலிருந்து எழும்பி, இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் போயிற்று. இசக்கிப்பாண்டி பாறையில் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

சத்தம் போய் மறைகிற வரைக்கும் அந்தத் திசைக்கே காதைக் கொடுத்திருந்தார்.

"அது எங்க இருந்துச்சு?"

அஜிதா சாப்பிட்ட இலையைச் சுருட்டினாள்.

"ஒன்னத்தான் மக்கா. எங்க இருந்துச்சு?"

"முன்னால. அந்தக் கட்டை மேல."

"எம்புட்டு நேரமா?"

"அஞ்சு நிமிசம் இருக்கும்."

"நீ கண்டியா?"

"கண்டேன்."

"பின்னே இல்லைன்னு சொன்ன."

"சொன்னேன்பா."

அவர் துப்பாக்கியை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திட்டுவார் என்று அஜிதா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"வியாழக்கிழமை ஒரு காரியம் நடந்துட்டு. ஒங்கம்மைகிட்டகூடச் சொல்லல," என்றார். "நம்ம வண்டியில வர்ற பிள்ளைகள்ல கடைசியா எறங்குறது ஒண்ணு உண்டு. ஆர்யான்னு பேரு. யூகேஜி. மத்த அஞ்சும் வண்டிக்குள்ள கூவித் தொலைக்கும். எது எங்க நிக்குன்னு எனக்குச் சத்தத்துலயே தெரியும். இது வாயத் தொறந்து மிண்டாது. வீட்டு முன்னால எறக்கி விட்டேன். ரோட்டப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. வண்டிய எடுக்கேன், அதோட அம்மை உள்ள இருந்து அலறி நெலவிளிச்சுக்கிட்டு ஓடி வாறா. பிரேக்கச் சவுட்டிப் பிடிச்சேன். பார்த்தா முன் சக்கரத்துக்கு முன்னால குத்தவச்சு ஷூ கெட்டிக்கிட்டு இருக்கு பிள்ளை."

அஜிதா அவர் கையைப் பிடித்தாள்.

"நான் கண்டேன், அதான் நிறுத்தினேன்னு சொல்லிட்டேன். அவ என்னக் கையெடுத்துக் கும்பிட்டா மக்கா. சேட்டன் கண்டதுகொண்டு என் கொச்சு பிழைச்சதுன்னு கும்பிட்டா. நானும் கும்பிட்டத வாங்கிக்கிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமையும் ஓட்டினேன். சும்மா இருக்கும்போது நல்லாத்தான் தெரியுதுன்னு தோணும். இன்னிக்கு அஞ்சு புறா பட்டுதுன்னு நீ சொன்னப்போ, கண்ணால கண்டுதான் அடிச்சேன்னு நானே நம்பிட்டேன்."

பனி கட்டைக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்துவிட்டது. அவர் கேட்டார்:

"நாளைக்கு அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருப்ப?"

அஜிதாவுக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. "நல்லாத் தெரியுதுன்னு எழுதியிருப்பேன்பா. ஒங்க மொகத்தப் பார்த்தா எழுதியிருப்பேன்."

"எழுதாத."

"சரிப்பா."

"என் பிள்ள எனக்காகக் கள்ளம் எழுதிச்சுன்னு வேண்டாம்."

அவள் அழுதாள். ஒளித்து அழவில்லை, அவர் தோளில் முகத்தை வைத்துச் சத்தமாகவே அழுதாள். இந்த மனிதரை இவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்கே இதுவரை தெரியாது. அவர் அவள் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். "கண்ணுல திரை விழுந்ததா இருந்தா ஆபரேஷன் செஞ்சா சரியாயிரும்பா" என்றாள் அழுகைக்கு நடுவில். "நரம்புல கோளாறா இருந்தா இருக்கிறத மட்டும்தான் காப்பாத்த முடியும். மருந்து விட்டுப் பார்த்தாத்தான் எதுன்னு தெரியும்."

"அது தெரிய வேண்டாம்னுதான நான் நெடுமங்காட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்தேன்," என்றார் இசக்கிப்பாண்டி. "கொண்டு போ. செவ்வாக்கிழமையே கொண்டு போ."

ராஜமணி வீட்டில் துப்பாக்கியை வைத்துவிட்டு நாலேகாலுக்கு ரோட்டுக்கு வந்தார்கள். பஸ் நிற்கிற வளைவில், டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல் இருந்தது. லயத்தில் உள்ளவர்கள் போன் பேச அங்கேதான் வருவார்கள், அந்த ஒரு கல்லில்தான் சிக்னல் வரும். இசக்கிப்பாண்டி கல்லைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஷிபுவ போன்ல விளிச்சுத் தா," என்றார்.

ஷிபு அவரோடு தம்பானூரில் வண்டி போடுகிற பையன். சத்தமாகப் பேசுவான். அஜிதா எண்ணைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டின் அந்தப் பக்கம் போனாள்.

"ஷிபு, நான்தான். நாளையில இருந்து என் ட்ரிப்பு நீ எடுக்கணும். ஆறு பிள்ளைங்க. ஆங், வண்டிக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான். அது பின்னே சொல்லுதேன். இப்ப நான் சொல்லுறத ஒழுங்காக் கேளு." குரல் டீக்கடைக்காரர் வரைக்கும் கேட்டது. "கடைசி வீட்டுல எறங்குறது ஆர்யான்னு ஒரு கொச்சு. அது மிண்டாது, கேட்டியா? நீ விளிச்சாலும் மிண்டாது. அதனால எறக்கிவிட்டா வண்டியில இருந்து நீயும் எறங்கணும். கையப் பிடிச்சு வீட்டு கேட்டுக்குள்ள கொண்டு விடணும். உள்ள போயி ஒரு தடவ திரும்பிப் பார்க்கும். அதுக்கப்புறந்தான் வண்டிய எடுக்கணும். மழையானாலும் சரி. பின்னால எவன் ஹாரன் அடிச்சாலும் சரி. ஏத்துக்கிட்டியா?"

ஷிபு ஏதோ கேட்டான். எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்டிருக்க வேண்டும். இசக்கிப்பாண்டி போனைக் காதிலிருந்து எடுத்து, மகளிடம் கேட்பதற்குத் திரும்பினார். தேயிலைப் பக்கமாகத் திரும்பினார். அங்கே யாரும் இல்லை.

"எத்தனை நாளுன்னு கேக்கான் மக்கா. என்ன சொல்லட்டும்?" என்று தேயிலைச் செடிகளிடம் கேட்டார்.

அஜிதா ரோட்டின் எதிர்ப்பக்கம், பத்தடி தூரத்தில், ஒரு வார்த்தை பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்பா, நான் இந்தப் பக்கம் நிக்கேன்," என்றாள். அவர் இவள் பக்கம் திரும்பினார். "இந்தா வாறேன்ப்பா. ரோட்டக் கடக்குதேன். பஸ் ரெண்டு வளைவுக்கு அந்தால வருது, மஞ்ச லைட் போட்டுட்டு வருது. இப்ப ஒங்க பக்கத்துல வந்துட்டேன். இந்தா, கை." அவர் கையைப் பிடித்த பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.